தவணைத் தேதி இல்லாத பில்: சிங்கப்பூர்ச் சுயதொழிலரும் வராத பணமும்

சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு தொடங்கும் பருவத்தில் தேக்கா வட்டாரத்தில் எல்லா வேலையும் அவசர வேலைதான். நகைக்கடைக்குச் சலுகை விளம்பரம், சாப்பாட்டுக்கடைக்குப் புதிய மெனு, கலைநிகழ்ச்சிக்குப் பதாகை, சமூக மன்ற விழாவுக்கு அறிவிப்பாளர், நிறுவனத்தின் வாழ்த்துக் காணொளிக்குத் தமிழ் வசனம். கேட்கும்போது "நாளைக்கே வேணும்" என்பார்கள். பில் போனதும் அந்த அவசரம் அடங்கிவிடும். "தீபாவளி முடியட்டும்" என்பது "வருஷக் கடைசிக் கணக்கு முடியட்டும்" என்றாகும். பிறகு "பொங்கல் கழியட்டும்" என்று நீளும். தை பிறந்த பிறகு ஃபோனை எடுக்க ஆள் இருக்காது.

இப்படி நின்றுபோகும் பணத்தை மீட்கச் சிங்கப்பூரில் என்னென்ன வழிகள் உண்டு, அவை எதுவரை உதவும், எங்கே கைவிடும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வழிகளே இல்லை என்று சொல்ல முடியாது. சமரசம், மலிவான நடுவர் மன்றம், உரிமையியல் நீதிமன்றம் என்று படிப்படியாக உண்டு. ஆனால் எந்தப் படியில் ஏறினாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: பணம் என்றைக்குத் தரவேண்டியது? அந்தத் தேதியைச் சுயதொழிலருக்காகச் சட்டம் எழுதித் தருவதில்லை. அவரேதான் எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் எழுதிக்கொள்வதில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

யார் இவர்கள்?

2016ஆம் ஆண்டு நிலவரப்படி ஏறக்குறைய 2 லட்சம் சிங்கப்பூர்வாசிகள் சுயதொழில் செய்ததாக மனிதவள அமைச்சு கணக்குச் சொன்னது. டாக்சி ஓட்டுநர், சொத்து முகவர், காப்புறுதி முகவர் எல்லாரும் அதில் அடக்கம். தமிழர்களிடையே இந்தத் தொகுப்புக்குத் தனி முகம் உண்டு. நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாடு என்பதால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை இருக்கிறது. வசந்தம் ஒளிவழியைச் சுற்றி இயங்கும் தயாரிப்பு நிறுவனங்களில் படத்தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர், வசனம் எழுதுவோர் இருக்கிறார்கள். பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் பரதமும் மிருதங்கமும் சொல்லித் தருவோர், துணைப்பாட ஆசிரியர், திருமணப் புகைப்படக்காரர், ஒப்பனைக் கலைஞர், இணையத்தளம் கட்டித் தருவோர் என்று பட்டியல் நீளும். ஏப்ரலில் தமிழ்மொழி மாதம், ஆண்டுக் கடைசியில் தீபாவளி, தையில் பொங்கல் என்று இவர்களின் வருமானமும் பருவக்காற்று மாதிரி வந்து போகும்.

இவர்கள் யாரும் சட்டத்தின் கண்ணில் 'ஊழியர்' இல்லை. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்று வேலை நியமனச் சட்டம் சொல்கிறது. சம்பளப் பாக்கிக்கு 2017 ஏப்ரல் முதல் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. சுயதொழிலருக்கு அந்த இரண்டு கதவும் அடைப்பு. அவர் ஒரு தனிநபர்; வாடிக்கையாளர் பத்துக் கிளை வைத்திருக்கலாம். இருந்தும் இருவரும் சமபலம் கொண்ட வணிகர்கள் என்பதுதான் சட்டத்தின் அனுமானம்.

பணம் மூன்று விதமாக நிற்கும்

எல்லாப் பாக்கியும் ஒரே மாதிரி இல்லை. எந்த வகை என்று புரியாமல் துரத்தினால் உறவும் கெடும், பணமும் வராது.

முதல் வகை காகிதத்தில் சிக்கிய பணம். பெரிய நிறுவனங்களில் வேலை சொல்பவர் ஒருவர், பணம் கொடுக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவு வேறு. கொள்முதல் ஆணை (பிஓ) எண் இல்லாத இன்வாய்ஸ் மேசையிலேயே கிடக்கும். நிறுவனத்தின் பதிவுப்பெயர் தவறாக இருந்தால் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள், பணமும் போடமாட்டார்கள். வேலை சொன்ன மேலாளர் வேலையை விட்டுப் போயிருந்தால் சொல்லவே வேண்டாம். இங்கே தேவைப்படுவது சண்டை இல்லை. அக்கவுண்ட்ஸில் இருப்பவரின் பெயரும் நேரடி மின்னஞ்சலும்தான். அரசு அமைப்புகளுக்கு இன்வாய்ஸ் போக மின்னியல் வழி இருக்கிறது. 2019இல் தொடங்கி இன்று இன்வாய்ஸ்நவ் என்று வழங்கும் தேசிய வலையமைப்பில் பில் நேராக வாடிக்கையாளரின் கணக்கு மென்பொருளுக்கே போய்ச் சேரும். "பில் வரவே இல்லையே" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது வகை, கையில் காசில்லாத வாடிக்கையாளர். வாடகை ஏறியிருக்கும், வியாபாரம் படுத்திருக்கும். இவர் பொய் சொல்வதில்லை. ஆனால் யார் அதிகம் நெருக்குகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுப்பார். வாடகை, சம்பளம், மத்திய சேமநிதிச் சந்தா, சரக்கு போடுபவர், அதற்கெல்லாம் பிறகுதான் போஸ்டர் போட்டவர். இவரிடம் தவணை பேசலாம். 2,400 வெள்ளிப் பாக்கியை மாதம் 600 வீதம் நான்கு தவணையாகத் தருவதாக, தேதியோடு எழுத்தில் வாங்கிவிட்டால், கடன் இருக்கிறது என்பதற்கு அவரே தந்த ஒப்புதலும் கைக்கு வந்துவிடும்.

மூன்றாவது வகை, தரவே விருப்பமில்லாதவர். இவரிடமிருந்து புகார் பில்லுக்குப் பிறகுதான் வரும். ஒளியூட்டு தொடங்கிய நாள் முதல் கடைவாசலில் தொங்கிய பதாகையைப் பற்றி, இறக்கி மடித்து வைத்த பிறகு "கலர் சரியில்லையே தம்பி" என்பார். வேலையை ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி இருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. "சூப்பர், பிரிண்டுக்கு அனுப்பிடுங்க" என்று வாட்ஸப்பில் வந்த ஒரு வரியே போதும். 2010ஆம் ஆண்டின் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி, மின்னியல் வடிவில் இருப்பதால் மட்டும் ஒரு பதிவு செல்லாமல் போய்விடாது. ஃபோனில் பேசிய மறுநிமிடம், "இப்போது பேசியபடி இறுதி வடிவம் ஓகே, 1,200 வெள்ளி, 14 நாளில் தருவதாகச் சொன்னீர்கள்" என்று அனுப்பி வைக்கும் பழக்கத்துக்கு விலையே இல்லை.

"மேலேயிருந்து வந்ததும் தர்றேன்"

நான்காவதாக ஒன்று இருக்கிறது. மேற்சொன்ன மூன்றையும்விடப் பரவலானது இது. ஓர் அமைப்பு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்துக்கு வேலை தரும். அது தயாரிப்பு நிறுவனத்துக்குத் தள்ளும். அவர்கள் படத்தொகுப்பாளரைப் பிடிப்பார்கள். அவர் மொழிபெயர்ப்பாளரை அழைப்பார். பள்ளிகளில் வகுப்பெடுக்கும் நடன ஆசிரியருக்கும் நடுவில் ஒரு சேவை நிறுவனம் இருக்கும். சங்கிலியின் கடைசி ஆள் பணம் கேட்டால் கிடைக்கும் பதில்: "மேலேயிருந்து இன்னும் வரலை. வந்ததும் தர்றேன்."

இந்த வாக்கியத்தைச் சிங்கப்பூர்ச் சட்டம் ஒரு துறையில் ஏற்கெனவே செல்லாக்காசாக்கிவிட்டது. கட்டுமானத் துறையில் மேல் ஒப்பந்தக்காரர் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, கீழே இருக்கும் துணை ஒப்பந்தக்காரர்கள் திவாலாகும் நிலையைத் தடுக்க 2004இல் பணம் வழங்கல் உத்தரவாதச் சட்டம் இயற்றப்பட்டு 2005 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. மேலே வந்தால்தான் கீழே தருவேன் என்ற ஒப்பந்த விதியை அமல்படுத்த முடியாது என்கிறது அந்தச் சட்டம். கட்டுமான ஒப்பந்தங்களில் பணம் தரவேண்டிய கெடுவுக்கு 35 நாள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் தேதியே எழுதப்படாமல் இருந்தாலும் சட்டம் தானே ஒரு தேதியைப் போட்டுக்கொள்ளும். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் சில வாரங்களில் விரைவுத் தீர்ப்பு. பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தும் உரிமையும் உண்டு.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையைப் புதுப்பிக்கும்போது உள்சுவர் கட்டிய ஒப்பந்தக்காரருக்கு இந்தச் சட்டம் துணைக்கு வரும். அதே கடையின் சின்னத்தையும் மெனுவையும் வடிவமைத்தவருக்கு வராது. இரண்டு பேரும் ஒரே முதலாளிக்கு, ஒரே மாதத்தில் வேலை செய்தவர்கள்தான்.

வெளிநாடுகளில் இந்த இடைவெளியை எப்படி அடைத்தார்கள் என்று பார்த்தால், எல்லாருமே தேதியில்தான் கைவைத்திருக்கிறார்கள். பிரிட்டன் 1998இல் கொண்டுவந்த சட்டப்படி, வணிகர்களுக்கிடையே தவணை பேசப்படாவிட்டால் 30 நாளில் பணம் தாமதமாகிவிடும். அதன்பின் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 விழுக்காடு வட்டி ஏறும். நியூயார்க் நகரம் 2017 மே மாதம் சுயதொழிலருக்கென்றே ஒரு சட்டத்தை நடப்புக்குக் கொண்டுவந்தது. 800 டாலருக்குக் குறையாத வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி இல்லாவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் பணம் தரவேண்டும். தராவிட்டால் இருமடங்கு இழப்பீடு கேட்கலாம். ஜப்பானின் சட்டம் 2024 நவம்பர் 1இல் அமலானது. வேலையைப் பெற்றுக்கொண்டதிலிருந்து 60 நாளுக்குள் பணம் போகவேண்டும் என்கிறது அது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. உத்யம் பதிவு வைத்திருக்கும் சென்னை வடிவமைப்பாளர் ஒருவர் சென்னை வாடிக்கையாளரிடம் காட்டக்கூடிய இந்தச் சட்டத்துக்கு ஈடாகச் சிங்கப்பூர்ச் சகா காட்ட ஒன்றும் இல்லை.

2018இல் கிடைத்தது

சிங்கப்பூர் சும்மா இருந்துவிடவில்லை. 2017இல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்று தரப்பும் சேர்ந்து சுயதொழிலருக்கான பணிக்குழுவை அமைத்தன. அதன் பரிந்துரைகளின் பயனாக 2018 மார்ச்சில் சுயதொழிலரோடு ஒப்பந்தம் செய்துகொள்வதற்கான முத்தரப்புத் தரநிலை வெளிவந்தது. யாருக்கும் யாருக்கும் இடையே ஒப்பந்தம், என்ன வேலை, எவ்வளவு, என்றைக்குப் பணம், மாற்றம் வந்தால் என்ன செய்வது, தகராறானால் எங்கே போவது என்று எல்லாவற்றையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பணத் தகராறுகளுக்குச் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியின் சமரசச் சேவையும் சுயதொழிலருக்குத் திறந்துவிடப்பட்டது. தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசி இவர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. பயிற்றுநர்களுக்கும் படைப்புத் துறையினருக்கும் சங்கங்கள் உருவாயின.

நல்ல ஏற்பாடு, ஆனால் விருப்பத்தின் பேரில் நடப்பது. தரநிலையை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒழுங்காகப் பணம் தருபவை. ஏமாற்றும் எண்ணமுள்ளவர் அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்கமாட்டார். சமரசமும் அப்படியே. எதிர்த்தரப்பு வரச் சம்மதித்தால்தான் பேச்சு. கோவிட் காலத்தில் தகுதியுள்ள சுயதொழிலருக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதம் அரசு உதவியது. இவர்களின் நிலையற்ற வருமானம் அப்போது எல்லாரின் கண்ணிலும் பட்டது. 2025 ஜனவரியில் இணையத்தளப் பணியாளர் சட்டம் நடப்புக்கு வந்தபோது உணவு விநியோகிப்பாளரும் தனியார் வாடகை வாகன ஓட்டுநரும் பாதுகாப்புக்குள் வந்தார்கள். போஸ்டர் போடுபவரும் மொழிபெயர்ப்பவரும் வெளியேதான் நிற்கிறார்கள்.

கோரிக்கை மன்றம் வரை

கையில் இருக்கும் வழிகளில் சுயதொழிலருக்கு அதிகம் பயன்படுவது சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 1985இல் தொடங்கிய இந்த மன்றம் ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்களின் அங்கம். சேவை ஒப்பந்தத்தில் நிற்கும் பணம் இதன் வரம்புக்குள் வரும். 2019 நவம்பரில் கோரிக்கை உச்சவரம்பு 10,000 வெள்ளியிலிருந்து 20,000 ஆனது. இருதரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். வழக்குப் பதியும் காலமும் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. வழக்கறிஞருக்கு இங்கே இடமில்லை. எதிரே உட்காருபவரும் தாமேதான் பேசியாக வேண்டும். நிறுவனமானால் அதன் இயக்குநரோ ஊழியரோ வரவேண்டும். வணிகம் செய்பவராக மனுப்போட 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 50 வெள்ளி, 10,000 வரை 100 வெள்ளி, அதற்கு மேல் தொகையில் 3 விழுக்காடு. மனு, ஆவணம் எல்லாம் இணையவழி. நேரில் வருமுன்பே இணையத்தில் பேரம் பேசித் தீர்த்துக்கொள்ளவும் வசதி உண்டு. அலுவல் நடப்பது ஆங்கிலத்தில். தமிழில் இருக்கும் உரையாடலைச் சான்றாக வைத்தால் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே போகவேண்டும்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் தள்ளிப்போடுபவர், அறிந்தோ அறியாமலோ இந்த ஈராண்டைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். ஈராண்டு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது? பணம் தரவேண்டிய நாள் கடந்ததிலிருந்து. பில்லில் அந்த நாள் இல்லாவிட்டால், முதல் விசாரணையின் பாதி நேரம் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும்.

மன்றத்துக்கு முன் செய்யவேண்டியவை சில. தவணை நாள் கடந்த மறுநாளே ஒரு செய்தி போகவேண்டும். அதில் கோபம் கூடாது, குழைவும் கூடாது:

"அண்ணே, வணக்கம். தீபாவளி போஸ்டர் வேலைக்கான இன்வாய்ஸ் எண் 24, தொகை 1,200 வெள்ளி, நேற்றோடு தவணை முடிந்தது. பேநவ் விவரம் இன்வாய்ஸில் இருக்கிறது. எந்தத் தேதியில் வரும் என்று ஒரு வரி சொல்லுங்கள்."

ஒரு வாரம் கழித்து இன்வாய்ஸை இணைத்து மின்னஞ்சல், அக்கவுண்ட்ஸுக்கும் நகல். மூன்றாவது கடிதத்தில் 'அண்ணே' போய் 'திரு' வரும், மொழியும் பெரும்பாலும் ஆங்கிலமாகிவிடும். மன்றம் படிக்கப்போகும் கடிதம் அதுதான். வேலை விவரம், ஒப்படைத்த நாள், ஏற்றுக்கொண்ட செய்தி, தவணை நாள், பாக்கித் தொகை, இன்னும் 14 நாளில் வராவிட்டால் கோரிக்கை பதிவாகும் என்ற அறிவிப்பு, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். பெரும்பாலான முதல் வகைப் பாக்கிகளும் கணிசமான இரண்டாம் வகைப் பாக்கிகளும் இந்தக் கடிதத்தோடு அசைந்துவிடும். புதிய வேலையை அதுவரை தொடங்கக்கூடாது. பழைய பாக்கியைத் தூண்டிலாக வைத்து, "இதையும் சேர்த்து முடிச்சுக் குடுங்க, மொத்தமா செட்டில் பண்ணிடலாம்" என்று கேட்பவருக்கு இணங்கினால் பாக்கி இரட்டிக்கும்.

தொகை 20,000 வெள்ளியைத் தாண்டி, எதிர்த்தரப்பும் சம்மதிக்காவிட்டால் இரண்டு வழி. மிகுதியை விட்டுக்கொடுத்துச் சிறு மன்றத்திலேயே நிற்கலாம். இல்லையென்றால் 60,000 வரை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒப்பந்தக் கோரிக்கைக்கு அங்கே பொதுவாக ஆறாண்டு அவகாசம் உண்டு, ஆனால் வழக்கறிஞர் செலவு பாக்கியையே தின்றுவிடலாம். இன்னொரு கருவி சட்டபூர்வக் கோரிக்கைக் கடிதம்: 15,000 வெள்ளிக்கு மேல் கடனுள்ள நிறுவனத்துக்கு அதை முறைப்படி அனுப்பி, மூன்று வாரத்தில் பணம் வராவிட்டால், நிறுவனத்தைக் கலைக்கும்படி நீதிமன்றத்தில் மனுப்போடலாம். கடனே சர்ச்சைக்குரியது என்றால் இதை மிரட்டலாகப் பயன்படுத்தக்கூடாது, நீதிமன்றம் ஏற்காது. எந்த வழியில் இறங்குமுன்னும் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை முகாமுக்கு ஒருநடை போய்வருவது நல்லது.

தீர்ப்பு வாங்குவது பாதி வேலைதான். உத்தரவு வந்தும் பணம் தராதவர்மேல் அமலாக்க உத்தரவு கேட்டு, வங்கிக் கணக்கையோ பொருளையோ பிடிக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், தனி அலைச்சல். கணக்கில் ஒன்றுமில்லாத நிறுவனத்தின்மேல் வாங்கிய தீர்ப்பு வெறும் காகிதம்.

பெயர்ப்பலகை கடனாளி ஆகாது

டன்லப் ஸ்திரீட்டிலோ கேம்பல் லேனிலோ ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து அந்தப் பெயருக்கே பில் போடுவது வழக்கம். ஆனால் பலகையில் இருப்பது வணிகப் பெயர். கடன்பட்டவர் வேறு ஒருவராக இருக்கலாம். அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவெண்ணைத் தேடினால் உண்மை தெரியும். தேடல் இலவசம், சிறு கட்டணம் கட்டினால் இயக்குநர், முகவரி, மூலதனம் எல்லாம் அடங்கிய விவரத்தாள் கிடைக்கும்.

அந்தத் தாளில் பார்க்கவேண்டியது, அது தனிஉரிமை வணிகமா, பங்காளித்துவமா, தனியார் நிறுவனமா என்பது. தனிஉரிமை வணிகமானால் முதலாளியே கடனாளி. கடையை மூடினாலும் கடன் அவர் தலையில்தான். தனியார் நிறுவனமானால் கடன் நிறுவனத்தோடு நின்றுவிடும். இயக்குநரின் சொந்தச் சொத்தை எளிதில் தொட முடியாது. அதே இடத்தில், அதே பலகையின் கீழ், அதே முகங்களோடு வேறொரு பதிவெண்ணில் புது நிறுவனம் நடக்கலாம். பழையது ஓசையின்றிப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். நீக்குவதற்குமுன் அரசிதழில் அறிவிப்பு வரும். அந்த அவகாசத்துக்குள் கடன் கொடுத்தவர் ஆட்சேபம் பதியலாம். பாக்கி நிற்கும்போது வாடிக்கையாளரின் பதிவு நிலையை மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்பவருக்கே இது கண்ணில் படும்.

பதிப்புரிமை என்ற பிடி

படைப்பாளிகளுக்கு 2021 நவம்பரில் வலுவான பிடி ஒன்று கிடைத்தது. அந்த மாதம் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்துக்கு முன், பணம் கொடுத்துச் சொல்லி எடுக்கும் புகைப்படம், உருவப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் ஆகியவற்றின் உரிமை, மாற்றி எழுதாவிட்டால், சொன்னவருக்கே போனது. புதிய சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். தம் பெயர் குறிக்கப்படவேண்டும் என்று கேட்கும் உரிமையும் வந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: முழுத் தொகையும் வந்த பிறகே பயன்பாட்டு உரிமை மாறும். அந்த வரி இருந்தால், பணம் தராமல் படத்தை விளம்பரத்தில் ஓடவிடுபவர் கடனாளி மட்டும் இல்லை, உரிமையை மீறியவரும் ஆகிறார். நடைமுறையில், பார்வைக்கு நீர்க்குறி போட்ட கோப்பு, மீதிப் பணம் வந்ததும் மூலக்கோப்பு என்ற ஒழுங்கு பல தகராறுகளைப் பிறக்கவே விடாது. மேடையில் ஏறிப் பேசிவிட்டு இறங்கும் அறிவிப்பாளருக்கும், வகுப்பெடுத்து முடித்த ஆசிரியருக்கும் இந்தப் பிடி கிடையாது. அவர்களுக்கு அட்வான்ஸ்தான் பாதுகாப்பு.

தொடக்கூடாத வழிகள்

ஆத்திரத்தில் முதலில் தோன்றுவது ஃபேஸ்புக். கடையின் பெயர், முதலாளியின் படம், வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றையும் போட்டுக் கூட்டம் சேர்ப்பது. சொல்வதில் ஒரு விவரம் பிசகினாலும் அவதூறு வழக்குக்கு இடமாகும். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய தனிவிவரங்களை வெளியிடுவது துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றம். கடன் வசூலிக்க ஆள் வைப்பதானாலும் கவனம் தேவை. 2022இல் நிறைவேறிய கடன் வசூல் சட்டப்படி அந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். கடைவாசலில் நின்று கத்தும் ஆளை அனுப்பினால், பணம் வரவேண்டியவரே பதில் சொல்லவேண்டியவராகிவிடுவார்.

இன்னொரு தரப்பினர் இந்தப் பேச்சில் எங்குமே வருவதில்லை. சார்ந்திருப்போர் அனுமதியிலோ வேறு நிறுவனத்தின் வேலை அனுமதியிலோ இருந்துகொண்டு, துணைப்பாடம், மொழிபெயர்ப்பு, ஒப்பனை என்று பக்கத்தொழில் செய்வோர். உரிய அனுமதி இல்லாமல் சுயதொழில் செய்வதே வெளிநாட்டு மனிதவளச் சட்டத்தில் குற்றம் என்பதால் இவர்களால் எந்த மன்றத்திலும் துணிந்து ஏற முடியாது. இது தெரிந்தே இவர்களுக்கு வேலை கொடுத்துப் பணம் மறுப்போரும் உண்டு. இங்கே பின்னால் செய்ய ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்ளும்முன் மனிதவள அமைச்சின் விதியைப் பார்ப்பது ஒன்றே வழி.

முகத்தைப் பார்த்து நின்ற பேனா

சட்டம் தராத தேதியைத் தானே எழுதிக்கொள்ளலாமே, ஏன் எழுதுவதில்லை? தமிழ் வட்டாரத்தில் அதற்கு விடை முகதாட்சண்யம். வேலை தருபவர் கோவிலில் பார்த்தவர், ஊர்க்காரர், சங்கத்தில் ஒன்றாக இருப்பவர், நண்பரின் மாமா. அவரிடம் ஒப்பந்தத்தை நீட்டினால், "என்ன தம்பி, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பேனா நின்றுவிடுகிறது.

இந்த ஊரின் பழைய தமிழ் வணிகம் இப்படிக் கூச்சப்படவில்லை. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கடன் கொடுத்த செட்டியார்கள் சொந்த ஊர்க்காரருக்கும் கணக்கெழுதித்தான் கொடுத்தார்கள். மளிகைக் கடைகளில் மாதக் கடனைக் குறித்த '555' நோட்டைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூத்த தலைமுறை நன்றாக அறியும். அண்டை வீட்டுக்காரர் வாங்கிய அரைக்கிலோ பருப்பும் அதில் ஏறியது. யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், எழுதி வைத்ததால்தான் அந்த உறவுகள் கடனைத் தாண்டியும் நீடித்தன. வியாபாரிக்கு இருந்த அந்தத் துணிவு கலைஞருக்கும் எழுத்தாளருக்கும் வரவில்லை. திறமைக்குக் காசு கேட்பதே கூச்சமான காரியம் என்ற எண்ணம் அவர்களிடம் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஒப்பந்தம் என்றால் பத்துப் பக்கம் வேண்டாம். கொட்டேஷனிலேயே ஆறு வரி போதும்: பதிவெண்ணோடு வாடிக்கையாளரின் சட்டப் பெயர், வேலையும் அதில் எத்தனை திருத்தம் என்பதும், தொடங்குமுன் பாதித் தொகை, மீதித் தொகை இன்வாய்ஸ் தேதியிலிருந்து 14 நாளில், தாமதத்துக்கு நியாயமான வட்டி, முழுப்பணம் வந்தபின் உரிமை மாற்றம். வட்டி நியாயமாக இருப்பது முக்கியம். இழப்புக்குப் பொருந்தாத அளவில் ஏற்றிவைத்தால் அதைத் தண்டத்தொகை என்று சொல்லி நீதிமன்றம் தள்ளிவிடும். இந்த ஆறு வரியைப் பார்த்துப் பின்வாங்குகிறவர் பெரும்பாலும் பணம் கொடுக்கும்போதும் பின்வாங்கியிருப்பார். அட்வான்ஸ் கேட்டதும் காணாமற்போகும் வாடிக்கையாளரால் இழப்பு ஒன்றுமில்லை.

மீதி வேலை யாருடையது?

மேற்சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால், சிங்கப்பூரின் ஏற்பாட்டில் பின்பாதி வலுவாகவும் முன்பாதி மெலிவாகவும் இருப்பது தெரியும். தகராறு முற்றிய பிறகு ஏற மலிவான மன்றம் இருக்கிறது. தகராறு முற்றாமல் தடுக்கும் தேதி இல்லை. தனிநபர் எழுதும் ஆறு வரியால் இதை ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வந்த இருபது வயதுப் படத்தொகுப்பாளர், பெரிய நிறுவனம் நீட்டும் '90 நாள் தவணை' ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் நிலையில் இல்லை. பேரம்பேசும் பலம் உள்ளவருக்குத்தான் அந்த ஆறு வரி முழுதாகப் பயன்படும்.

மாற்றம் பெரிதாகவும் இருக்கவேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் தேதி இல்லாவிட்டால் வேலையை ஒப்படைத்த 30ஆம் நாள் தவணை நாளாகும்; மேலேயிருந்து பணம் வரவில்லை என்பது காரணம் ஆகாது. கட்டுமானத் துறைக்கு 2005 முதல் நடப்பில் இருக்கும் இதே வகை இரண்டு விதிகளைச் சேவைத் துறையின் தனிநபர்களுக்கும் விரித்தால், சமரச அறையிலும் நடுவர் மன்றத்திலும் பாதி வாதம் பேசாமலே முடிந்துவிடும். தரநிலை வந்து இத்தனை ஆண்டு ஆனபின், அதை விருப்பத்திலிருந்து விதியாக்கும்படி கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. என்டியுசியும் கலைஞர் சங்கங்களும் அதைக் கேட்கவேண்டும். அரசு அமைப்புகளும், தங்கள் பணத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில் சங்கிலியின் கடைசி ஆள்வரை பணம் போய்ச் சேர்ந்ததா என்று ஒப்பந்ததாரரிடம் கணக்குக் கேட்கலாம். அதற்குப் புதுச்சட்டம்கூட வேண்டியதில்லை.

அதுவரை சுயதொழிலரின் கையில் இருப்பது அவருடைய இன்வாய்ஸ்தான். அதன் தலையில் வாடிக்கையாளரின் சரியான பெயரும், அடியில் பணம் தரவேண்டிய தேதியும் இருந்தால், பின்னால் போகவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அவர் கடனாளியைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இல்லாவிட்டால், கடன் என்று ஒன்று இருந்ததையே முதலில் நிரூபிக்க வேண்டிவரும்.